கியர் பெட்டித் திட்டத்திற்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

கூம்பு வடிவப் பற்சக்கரங்கள் கொண்ட பெவல் கியர் பெட்டி ஒன்றின் பாகங்களை எந்த வரிசையில் பொருத்துவது என்பதைக் கணினியே வகுத்துத் தரும் நிரலை எங்கள் மாணவர் குழு முடித்திருக்கிறது. அதற்குத் துணைநின்ற வடசென்னை அன்பர்களுக்கு இம்மடல் வழியே நன்றி கூறுகிறோம்.

இருபது பாகங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் வழிகளின் எண்ணிக்கையே 19 இலக்கங்களுக்குப் போய்விடும். ஆகவே முழுமையான பெட்டியைக் கணினிக்குள் ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த வரிசையைத் தலைகீழாக்கும் வழியை மேற்கொண்டோம். எந்தத் திசையில் எது எதைத் தடுக்கிறது என்று கணிக்க, ராண்டல் வில்சனும் ழான்-குளோத் லத்தோம்பும் 1994இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையைப் பொறுமையாக விளக்கிய எங்கள் பேராசிரியருக்கு நன்றி.

திருவொற்றியூர் நண்பர் ஒவ்வொரு பாகத்தையும் வெர்னியரால் அளந்து முப்பரிமாண வடிவமாக வரைந்து தந்தார். இறுக்கமாக ஏற்றப்படும் பேரிங்கின் துளை ஷாஃப்ட்டைவிட இம்மியளவு சிறியது என்பதால், இரண்டும் ஒன்றையொன்று ஊடுருவுவதாகக் கொண்டு நிரல் அப்படியே நின்றுவிடும். அத்தகைய இடங்களை அவர் கேளாமலே தனியாகக் குறித்திருந்தார்.

பெரம்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஐயாவுக்குத்தான் பெருங்கடன் பட்டிருக்கிறோம். நிரல் தந்த வரிசையைப் படித்ததும், "ஷிம் கனம் தெரியாம எதைத் தம்பி மூடுவ?" என்றார். பினியன் எனும் சிறிய கியரும் பெரிய கியரும் கவ்வுமிடத்தில் பற்களுக்கிடையே இருக்க வேண்டிய சிறு இடைவெளியை, அதாவது பேக்லாஷை, ஷிம் எனும் மெல்லிய உலோகத் தகடுதான் தீர்மானிக்கிறது. பெட்டியைத் தற்காலிகமாகப் பூட்டி, டயல் கேஜ் வைத்து அளந்து, மீண்டும் கழற்றி, தக்க கனமுள்ள ஷிம்மை வைத்த பிறகே நிரந்தரமாகப் பூட்ட முடியும். கழற்றும் வரிசையை எத்தனை முறை தலைகீழாக்கினாலும் இந்தச் சுற்று அதில் தென்படாது. இன்று எங்கள் நிரலில் 'பூட்டு, அள, கழற்று' என்றொரு படி இருப்பது அவரால்தான்; ஆய்வேடுகளைப் புரட்டிய எங்களுக்கு அது தோன்றவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வியாசர்பாடியில் பட்டறை நடத்தும் அக்கா, சர்க்கிளிப் எனும் பிடிவளையத்தை மாட்டும் பிளையர் விரிய எவ்வளவு இடம் வேண்டும் என்பதையும், ஷாஃப்ட்டில் வெட்டிய காடியான கீவேயின் கூர்விளிம்பு, எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் ஆயில் சீலின் உதட்டைக் கிழித்துவிடாமல் எப்படி ஏற்றுவது என்பதையும் செய்து காட்டினார். கருவிக்கும் கைக்கும் வேண்டிய இடத்தை நிரல் இப்போது சரிபார்க்கிறது.

வரிசைத் தாளின் அச்சுப்படி அக்காவின் பட்டறையில் உள்ளது. ஃபிட்டர் வேலை அறிந்தவர்கள் பார்த்து, தோன்றும் திருத்தங்களை அதன் ஓரத்திலேயே எழுதித் தருமாறு வேண்டுகிறோம்.

நன்றியுடன்,
திட்டக் குழுவினர், வடசென்னை