17ஆம் இலக்கக் காரின் வரவுசெலவு

அன்புள்ள சேந்தனுக்கு,

போனில் நீ கத்தியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. மீதியை அப்பா விளங்கப்படுத்தினார். முதலீடு செய்ய வந்தவர் உன் கராஜில் பாதிக்கு மேல் பங்கு கேட்கிறார், பெயர்ப்பலகையில் தன் கொம்பனிப் பெயரையும் போடவேண்டும் என்கிறார், நீ "நான் தொடங்கியது, என் பெயர் மட்டும்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டாய். சரி. அந்த நேரத்தில் நானாக இருந்தாலும் எழும்பித்தான் வந்திருப்பேன். ஆனால் அடுத்த நாள் அந்தக் கடதாசியை எடுத்து ஆறுதலாக வாசித்திருப்பேன்.

ஓய்வு பெறும்வரை மற்றவர்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்தே பிழைத்தவள் நான். கார்ப்பந்தயம் பார்த்தாலும் இதற்கெல்லாம் யார் காசு கட்டுகிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். சின்ன வயதில் உனக்கு உயிராக இருந்த டிக் ஜோன்சன் அணியின் கதையை அப்பா உனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதெல்லாம் எஞ்சின் கதை. நான் காசுக் கதையைச் சொல்கிறேன், கேள்.

1980இல் தொடங்கிய அணி அது, எங்கள் பிரிஸ்பேன் ஆளின் அணி. அதற்கு முன்னர் ஜோன்சன் இங்குள்ள ஒரு ஃபோர்ட் விற்பனையாளரின் காரைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தமாக அணி என்று தொடங்கியபோது கையிலிருந்ததையெல்லாம் 17ஆம் இலக்கம் போட்ட ஒரு நீல நிற ஃபோர்ட் ஃபால்கனில் போட்டார். ஓக்டோபரில் ஆயிரம் கிலோமீற்றர் ஓடும் பாதர்ஸ்ட் 1000 பந்தயம். அந்த மலை வீதியில் நீயும் போயிருக்கிறாய். மற்ற நாட்களில் சாதாரண ஆட்கள் 60 கிலோமீற்றர் வேகத்தில் போய்வரும் பொது வீதிதான். 'கட்டிங்' என்ற இடத்தில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் சுவர், நடுவில் செங்குத்தான ஏற்றம். ஜோன்சன் முன்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறார், 20 சுற்றுகூட முடியவில்லை. அந்த வளைவைத் தாண்டினால், பழுதான காரை ஏற்ற வந்த லொறி ஒரு பக்கம் நிற்கிறது, மறுபக்கம் கால்பந்து அளவில் ஒரு கல் கிடக்கிறது. விலக இடமில்லை. கல்லில் ஏறி, சுவரில் மோதி, கார் நாசமாகிவிட்டது. கல்லை யாராவது உருட்டிவிட்டார்களா, தானாக வந்ததா என்று இன்றைக்கும் வாக்குவாதம் நடக்கிறது. அதை விடு.

எனக்கு முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் அவரைப் பிடித்துக் கேள்வி கேட்டார்கள். மனுசன் கண் கலங்கி, இனி எப்படித் தொடர்வது என்று தெரியவில்லை என்ற நிலையில் நின்றார். நாங்கள் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்னர் நடந்தது என்றாலும், ஓக்டோபர் வந்தால் அந்தப் பழைய படத்தைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். பார்த்துக்கொண்டிருந்த சனம் சனல் 7க்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கியது. அஞ்சு டொலர், பத்து டொலர் என்று தருவதாகச் சொன்னார்கள். 72,000 டொலருக்கு மேல் சேர்ந்தது. ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரன் எட்சல் ஃபோர்ட் அப்போது ஃபோர்ட் அவுஸ்திரேலியாவில் இருந்தார். சனம் எவ்வளவு தருகிறதோ அதே அளவை நாங்களும் தருகிறோம் என்றார். இரண்டும் சேர்ந்து 144,000 டொலர் அளவுக்கு வந்தது.

கணக்குப் பிள்ளையின் கண்ணால் இதைப் பார். முன்பின் தெரியாத ஆட்கள் முதல் போட்டிருக்கிறார்கள். பங்குப் பத்திரம் இல்லை, வட்டி இல்லை, திருப்பிக் கேட்கிற உரிமையும் இல்லை. ஆனால் அந்த நாளிலிருந்து அந்த அணி ஜோன்சனுக்கு மட்டும் சொந்தமானது என்று யாராவது சொல்ல முடியுமா? சனத்தின் காசில் வந்த காரோடு அடுத்த வருஷம் போகாமல் இருக்க முடியுமா? போனார். 1981இல் நாடுதழுவிய டூரிங் கார் சம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்று, இங்கே பக்கத்திலிருக்கும் லேக்சைட்டில், ஃபோர்டின் போட்டிக் கொம்பனியான ஹோல்டனின் காரை ஓட்டிய பீற்றர் புரொக்கைத் தோற்கடித்து வென்றார். அதே வருஷம் ஜோன் ஃபிரெஞ்சோடு சேர்ந்து பாதர்ஸ்டும் வென்றார். அந்தப் பந்தயம் முழுதாக நடக்கவில்லை. மலை உச்சியில் பல கார்கள் மோதி வீதி அடைபட்டதால், 163 சுற்றில் 120 முடிந்த நிலையை வைத்து முடிவு சொன்னார்கள். ஹோல்டன்காரர் இன்றும் அதைச் சொல்லிக் குத்துவார்கள். குத்தட்டும்.

பெயர் பற்றிச் சொன்னாயே. அந்த நீலக் காருக்குச் சனம் வைத்த செல்லப்பெயர் 'ட்ரூ புளூ'. ஏதோ நாட்டுப்பற்றில் வைத்த பெயர் என்று நான் பல காலம் நினைத்திருந்தேன். பார்த்தால் ஒரு இரும்புக் குழாயின் பெயர்! ரொஸ் பாமர் என்பவரின் பாமர் டியூப் மில்ஸ்தான் காசு கட்டியது, அவர்கள் விற்ற குழாயின் வியாபாரப் பெயர் அது. பிறகு பச்சை நிறக் குழாய் விற்றார்கள், காரும் பச்சையாகி 'கிரீன்ஸ் டஃப்' ஆனது. இந்த நாட்டில் அரைவாசிப் பேர் நேசித்த கார்கள், குழாய்க் கொம்பனியின் விளம்பரப் பலகைகள். ஜோன்சனுக்கு அதில் வெட்கம் இருந்ததாக நான் எங்கேயும் பார்க்கவில்லை.

1983இல் அந்தப் பச்சைக் காருக்கு நடந்ததைத்தான் அப்பா விரும்பிச் சொல்வார், எனக்கும் அதில் விருப்பம். பாதர்ஸ்ட் பந்தயத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை, தனித்தனியாக ஓடித் தொடங்கும் இடம் பிடிக்கிற போட்டி. ஃபொரஸ்ட்ஸ் எல்போ வளைவில் ஓரத்தில் உரசி, ஸ்டியரிங் முறிந்து, கார் வீதியை விட்டு மரங்களுக்குள் பாய்ந்தது. ஆள் உயிரோடு வந்ததே பெரிய காரியம். அன்றிரவே அணி என்ன செய்தது தெரியுமா? அதே பந்தயத்தில் ஓட வந்திருந்த வேறொருவரின் ஃபால்கனை வாங்கி, நொறுங்கிய காரில் பிழைத்திருந்த பாகங்களைக் கழற்றி அதில் பூட்டி, விடிவதற்குள் பச்சை அடித்து, எழுத்தெல்லாம் எழுதி, ஞாயிறு காலை கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பந்தயத்தை அது முடிக்கவில்லை, பாதியில் நின்றுவிட்டது. தன் ஓட்டத்தை விட்டுக்கொடுத்துக் காரைத் தந்தவர்தான் அன்றைய நாளில் எனக்குப் பெரிய மனுசன். நீ ஒரு பாகத்துக்காகப் பக்கத்துக் கராஜ்காரனிடம் கேட்கக் கூச்சப்படுவாயே, அதுதான் எனக்கு இதை எழுதும்போது ஞாபகம் வருகிறது.

பிறகு நல்ல காலம். 1982இலும் 1984இலும் சம்பியன். காருக்குள்ளே கமரா பூட்டி, ஓடுகிறவரோடு வர்ணனையாளர்கள் கதைக்கிற வழக்கத்தைச் சனல் 7 கொண்டுவந்தபோது, அதில் முழு நாட்டையும் சிரிக்க வைத்தவர் இவர்தான். ஒரு கை கியரில், ஒரு கை ஸ்டியரிங்கில், முன்னால் வளைவு வருகிறது, மனுசன் முகம் மாறாமல் பகிடி விடுவார். எனக்கு அப்போது அவருடைய ஆங்கிலம் சரியாகப் பிடிபடாது. அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார், நான் பிறகு கேட்டுச் சிரிப்பேன்.

1987இல் ஷெல் வந்தது. நீ கழற்றாமல் போட்டுத் திரிந்த சிவப்பும் மஞ்சளுமான தொப்பி ஷெல்லின் நிறம், அணியின் நிறம் என்று நீ நினைத்திருந்தாய். 2004 வரை அந்தக் காசு தொடர்ந்து வந்தது. அந்த வருமானம் இருந்தபடியால்தான் ஃபோர்ட் சியெராவை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, உலகத்திலேயே வேகமான சியெராக்களில் ஒன்றாகச் செய்ய முடிந்தது. 1988இல் அந்தக் காரை இங்கிலாந்துக்கே கொண்டுபோய் சில்வர்ஸ்டோனில் முதலிடத்திலிருந்து தொடங்கினார்கள். காரில் கோளாறு வந்து வெற்றி கிடைக்கவில்லை என்றாலும், ஐரோப்பியர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள் என்பது போதும். 1988, 1989 இரண்டும் ஜோன்சனுக்குச் சம்பியன்ஷிப். 1989இலும் 1994இலும் ஜோன் போவோடு பாதர்ஸ்ட். 1995இல் போவுக்குச் சம்பியன்ஷிப். 1999இல் ஜோன்சன் ஓட்டுவதை விட்டுவிட்டு, மகன் ஸ்டீவனை ஓட விட்டார்.

நீ தொப்பியோடு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த காலம் இதற்குப் பிறகுதான், பாவம். ஷெல் போனது. 2005இல் வெஸ்ட்பொயின்ட் என்ற கொம்பனி வந்தது, கொஞ்சக் காலத்திலேயே அந்தக் கொம்பனியே சரிந்துபோனது. ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பி நடக்கும் தொழிலின் புத்தகத்தைத் திறந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், அது இதனால்தான். 2008இல் சார்லி ஷ்வெர்கோல்ட் என்பவர் பாதிப் பங்கை வாங்கினார். 2010இல் ஜேம்ஸ் கோர்ட்னி சம்பியன் ஆனார், வென்ற கையோடு ஹோல்டன் பக்கம் போய்விட்டார். பங்காளிகளும் நெடுநாள் சேர்ந்திருக்கவில்லை. அணி மீண்டும் தத்தளித்தது.

இனித்தான் உன் விஷயம். 2014இல் அமெரிக்காவிலிருந்து ரோஜர் பென்ஸ்கி வந்தார். இண்டியானாபொலிஸ் 500ஐ எத்தனையோ தரம் வென்ற அணிக்காரர். பந்தய ஆசையில் மட்டும் வந்தார் என்று நினைக்காதே. அதற்கு முதல் வருஷம் இங்கே பெரிய லொறிகள் விற்கும் வியாபாரத்தை வாங்கியிருந்தார், தன் பெயரை இந்த நாட்டு ஆட்களுக்குப் பழக்கவேண்டிய தேவை அவருக்கு இருந்தது. ஜோன்சன் அணியில் 51 வீதம் கேட்டார். பெயரும் கேட்டார். கிழவர் கொடுத்தார். அடுத்த வருஷத்திலிருந்து 'டி.ஜே.ஆர். டீம் பென்ஸ்கி'. கவனி, தன் பெயரின் எழுத்துகளை முன்னால் விட்டுத்தான் கொடுத்தார்.

கொடுத்ததால் கிடைத்தது என்ன? 2017இல் ஷெல் திரும்பி வந்தது. ஸ்கொட் மக்லோக்லின் என்ற நியூசிலாந்துப் பெடியன் வந்தான். அந்த வருஷம் நியூகாசிலில் கடைசிப் பந்தயத்தில் தண்டனைக்கு மேல் தண்டனை வாங்கி, கையிலிருந்த சம்பியன்ஷிப்பை விட்டான். டயர் மாற்ற, எண்ணெய் நிரப்ப ஒதுங்கும் பிட் பாதையில் வேகம் கூடியதற்கும் ஒரு தண்டனை! ஆனால் 2018, 2019, 2020 மூன்றையும் அள்ளினான். 2019இல் அலெக்சாந்தர் பிரெமாவோடு பாதர்ஸ்டும். அணிக்கு 25 வருஷத்துக்குப் பிறகு கிடைத்த பாதர்ஸ்ட்.

செலவுப் பக்கத்தையும் எழுதாவிட்டால் அது கணக்கில்லை. அந்த 2019 பாதர்ஸ்டில், எல்லோரும் வேகம் குறைத்துப் பின்னால் வரவேண்டிய பாதுகாப்புக் கார் வந்த நேரம், அணியின் மற்றக் காரை வேண்டுமென்றே மெதுவாக ஓடச் சொல்லிப் பின்னால் வந்தவர்களைத் தாமதப்படுத்தினார்கள். 250,000 டொலர் அபராதம், அதில் 100,000 ஒத்திவைப்பு, அணிகளுக்கான போட்டியில் 300 புள்ளிகள் வெட்டு. அங்கே தகுதிச் சுற்றுக்குப் பாவித்த எஞ்சின் விதிக்கு மாறாக இருந்தது என்று தெரியவந்து அந்தத் தகுதி முடிவையும் அழித்தார்கள். பந்தய வெற்றி மட்டும் நின்றது. பெரிய காசு வந்தால் வெல்லவேண்டும் என்ற அந்தரமும் கூடவே வரும். பாமர் குழாய்க் காலத்து ஜோன்சனின் ஆட்கள் அப்படிச் செய்திருப்பார்களா என்று அப்பா கேட்பார். எனக்கு அந்தப் பழைய கால நல்லவர்கள் கதையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தக் கார் வென்றபோது நான் கைதட்டவில்லை.

2020 முடிவில் பென்ஸ்கி வெளியேறினார். சம்பியன் பெடியனும் அமெரிக்காவுக்கு ஓடப் போனான். அவர் போனதோடு அணி மூடப்படவில்லை. ஜோன்சனும், அணியை நடத்திவந்த ரயன் ஸ்டோரியும் பொறுப்பேற்க, 2021இல் பழையபடி 'டிக் ஜோன்சன் ரேசிங்' என்ற பெயரோடு கார்கள் வந்தன. இலக்கம் 17 எங்கேயும் போகவில்லை. ஃபோர்ட் இந்த நாட்டில் கார் செய்வதை 2016இல் நிறுத்திவிட்டது, ஹோல்டன் என்ற பெயரே 2020இல் முடிந்துவிட்டது. ஃபோர்ட் கார்களை ஓட்டிப் பிழைத்த சின்ன அணி இருக்கிறது.

இப்போது உன் கடதாசிக்கு வருவோம். பெயர்ப்பலகைப் பக்கத்தை விட்டுவிட்டு, அவர் விலகினால் என்ன நடக்கும் என்ற பகுதியை முதலில் பார். அவர் தன் பங்கை விற்றால் முதலில் உன்னிடம் கேட்கவேண்டும் என்று இருக்கிறதா? என்ன விலையில் என்று யார் தீர்மானிப்பது? உன் பெயர் உன்னுடையதாகவே இருக்குமா, அல்லது கொம்பனியின் சொத்தாகிவிடுமா? அப்புறம், அவருக்கு உன் கராஜ் எதற்கு? பென்ஸ்கிக்கு லொறி விற்க வேண்டியிருந்தது, அது எல்லோருக்கும் தெரியும். இவருக்கு என்ன விற்க வேண்டியிருக்கிறது என்று நேரே கேள். சொல்லத் தயங்கினால் எனக்குப் போன் பண்ணு.

எதையும் கையெழுத்திடாதே, எதையும் கிழிக்கவும் வேண்டாம். முழுக் கடதாசியையும் ஸ்கான் பண்ணி, போன மூன்று வருஷக் கணக்கோடு எனக்கு அனுப்பு. "அதெல்லாம் சரியாக இருக்கிறது அம்மா" என்று சொல்லாதே, அனுப்பு. நான் பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். சட்டத்தரணியிடம் போவதற்கு முன்னர் அது உன் கையில் இருக்கட்டும். அவருக்கு மணித்தியாலக் கணக்கில் காசு கட்டவேண்டும், எனக்குக் கட்டத் தேவையில்லை.

அப்பா கேட்கச் சொன்னார், ஓக்டோபரில் பாதர்ஸ்டுக்கு வருவாயா என்று. வருவதென்றால் இப்போதே சொல்லு, தங்க இடம் பிடிப்பது சரியான கஷ்டம்.

அன்புடன்,
அம்மா