கஞ்சி போடாத சீருடை

குன்னூர்,
பிப்ரவரி 18

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் தீத்தடுப்புச் சீருடைக்கான மூன்று துணித் துண்டுகளும் நேற்று வந்து சேர்ந்தன. இங்கே உறைபனி போய்விட்டது. அது கருக்கிய புல் இன்னும் பழுப்பாகக் கிடக்கிறது. மசினகுடிப் பக்கம் காட்டுத்தீ தாண்டாமலிருக்கத் தீத்தடுப்புக் கோடு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் சுகம். பேத்தி பிறந்த செய்தி படித்து அத்தனை சந்தோஷம். குளிர் இன்னும் கொஞ்சம் அடங்கட்டும், குழந்தையைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் வாருங்கள்.

பின்னலாடை ஊரில் இருந்துகொண்டு நெசவுத் துணியில், அதுவும் படைச் சீருடையில் கை வைக்கிறாய். நல்ல காரியம், ஆனால் அவசரப்படாதே. மூன்று துணியையும் தீயில் காட்டினேன், மூன்றும் தானாக அணைந்தது, இனி விலையைப் பார்த்து முடிவு கட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். கட்டாதே. புதிதாக இருக்கும்போது மூன்றும் அணையத்தான் செய்யும். ஐம்பது துவைப்பும் மூன்று மாத உழைப்பும் ஆன பிறகு அணைகிறதா என்று பார்க்க வேண்டும். போடுகிறவன் வெயிலிலும் கையைச் சுருட்டாமல் போட்டிருப்பானா என்பதையும் பார்க்க வேண்டும். முழங்கை வரை சுருட்டிவிட்ட சட்டை முன்கையைக் காப்பாற்றாது. அதனால் சொகுசை ஆடம்பரமாக நினைக்காதே, அதுவும் பாதுகாப்புக் கணக்கில்தான் சேரும்.

துண்டுகளுக்கு நான் அ, ஆ, இ என்று குறி போட்டிருக்கிறேன். அ: 93 சதவீதம் மெட்டா அராமிட் (சூடு தாங்கும் செயற்கை இழை), 5 பாரா அராமிட் (அதே குடும்பம், பலம் கூடியது), 2 நிலைமின் தடுக்கும் இழை. நோமெக்ஸ் என்று எல்லோரும் சொல்கிற வகை. இந்த இழையின் இயல்பே தீயைத் தாங்குவது, எத்தனை துவைத்தாலும் அந்தக் குணம் போகாது. உரசலுக்கும் கிழிசலுக்கும் நன்றாக ஈடு கொடுக்கும். ஆனால் ஈரம் வாங்காது. பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும், இது 4, 5 சதவீதம்தான். வியர்வை தோலிலேயே நிற்கும்.

ஆ: தீத்தடுப்பு விஸ்கோஸ் (மரக்கூழ் இழை) 65, பாரா அராமிட் 25, நைலான் 10. அமெரிக்கத் தரைப்படையின் தீத்தடுப்புச் சீருடைக்குப் போன கலவை இதுதான். விஸ்கோஸ் 12 சதவீதம் வரை ஈரம் வாங்கும், தோலுக்கு மெத்தென்று இருக்கும். தீத்தடுப்பு மருந்தை இழை நூற்கும்போதே உள்ளே கலந்துவிடுவதால் துவைப்பில் கரையாது. இதன் குறை வேறு: நனைந்தால் விஸ்கோஸின் பலம் வெகுவாக இறங்கிவிடும். உட்கார்ந்து எழும்போது கவட்டில் பிளப்பது, முள்ளில் மாட்டிக் கிழிவது எல்லாம் இதற்கு அதிகம்.

இ: 88 பருத்தி, 12 நைலான், மேலே பாஸ்பரஸ் மருந்து ஏற்றியது. விலை மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கனம் கூட. பலமும் ஆயுளும் முழுக்க முழுக்கத் துவைக்கிறவன் கையில்.

துவைப்பைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சோதனைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். வெலிங்டன் பக்கம் சலவைக்காரரிடம் ஒரு சீருடையைக் கொடுத்துப் பார். கஞ்சியில் முக்கி, பாதி ஈரத்தில் பெட்டி போட்டு, கத்தி மாதிரி மடிப்போடு திரும்பி வரும். அந்தக் கை வேலைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் தீத்தடுப்புத் துணியில் கஞ்சி ஏறினால் அது எரிபொருள் பூசியது போலத்தான். காய்ந்த கஞ்சி மாவுதானே? மூன்று துணிக்கும் கஞ்சி கூடாது. துணியை மென்மையாக்கும் திரவமும் கூடாது, அதில் இருப்பது கொழுப்பு. பிளீச்சிங் பவுடர், குறிப்பாக இ துணிக்கு, வேண்டவே வேண்டாம். பருத்தியில் பிணைந்திருக்கிற மருந்தைக் குளோரின் சிதைத்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. நெருப்பில் காட்டும்போதுதான் தெரியும்.

அடுத்தது தண்ணீர். எங்கள் ஊற்றுத் தண்ணீரில் சோப்பு போட்டால் நுரை அடங்காது. உங்கள் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். அதில் பார் சோப்பு போட்டால் தண்ணீரின் சுண்ணாம்பும் சோப்பும் சேர்ந்து வெள்ளைக் கசடாகி இழைக்குள் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கசடு எரியும். இருபத்தைந்து துவைப்புக்குப் பிறகு உன் சாம்பிள் தீப்பிடித்தால் குற்றம் துணியுடையதா கசடுடையதா என்று உனக்கே தெரியாது. ஆகவே பாதி சாம்பிளை உப்புத் தண்ணீரில் துவை, பாதியை மென்னீரில் துவை, இரண்டிலும் டிடர்ஜென்ட் பவுடர்தான், சோப்பு இல்லை. மூன்றாவதாகக் கொஞ்சம் துண்டுகளை வேண்டுமென்றே பார் சோப்பும் உப்புத் தண்ணீருமாகத் துவை. களத்தில் நடக்கப்போவது அதுதான்.

சுருக்கத்தைப் பார்க்க ஓர் எளிய வழி: ஒவ்வொரு துணியிலும் பாவு (நீள நூல்) வாக்கில் 50 சென்டிமீட்டர், ஊடை (குறுக்கு நூல்) வாக்கில் 50 சென்டிமீட்டர் அழியாத மையால் குறித்துவிடு. 1 சென்டிமீட்டர் குறைந்தால் 2 சதவீதம். தீத்தடுப்பு உடைக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 11612 நெசவுத் துணிக்கு 3 சதவீதம்தான் விடுகிறது. 1, 5, 10, 25, 50 துவைப்பு முடிந்ததும் அளந்து எழுது. சுருங்கிய உடை உடம்போடு ஒட்டும், உள்ளே காற்று இடைவெளி போகும். சூட்டைத் தடுப்பதில் துணிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அந்தக் காற்றுக்கும் உண்டு. தோளிலும் தொடையிலும் இறுக்கிப் பிடிக்கிற வெட்டு பார்க்க எடுப்பாக இருக்கும், சுடுவதும் முதலில் அங்கேதான்.

தீச் சோதனைக்கு லைட்டரை நம்பாதே. முறைப்படி செய்வது இப்படி: 30 சென்டிமீட்டர் நீளம், 7.5 சென்டிமீட்டர் அகலத்தில் பாவு வாக்கில் ஐந்து துண்டு, ஊடை வாக்கில் ஐந்து. கூண்டுக்குள் செங்குத்தாகத் தொங்கவிட்டு, 38 மில்லிமீட்டர் உயரச் சுடரைக் கீழ் விளிம்பில் 12 விநாடி காட்டி எடுக்க வேண்டும். எடுத்த பின் 2 விநாடிக்கு மேல் எரியக் கூடாது, கருகிய நீளம் 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, உருகிச் சொட்டவே கூடாது. அந்த 2 விநாடியும் 4 அங்குலமும் தீத்தடுப்பு உடைக்கான அமெரிக்கத் தரம் என்எப்பிஏ 2112 சொல்கிற எல்லை. அதில் நூறு துவைப்புக்குப் பிறகும் இதைக் கேட்கிறார்கள். முழு உடையை நூற்றுக்கு மேல் உணரிகள் பதித்த பொம்மைக்கு மாட்டி 3 விநாடி தீயில் நிறுத்துகிற சோதனை கடைசிப் படி. செலவு அதிகம், மூன்றில் ஒன்றைப் பொறுக்கிய பிறகு அனுப்பு. பாதுகாப்பு உடைகளுக்கு காஸியாபாத்தில் நிட்ரா ஜவுளி ஆய்வு நிலையம் இருக்கிறது. கிழிசல், இழுவிசை, மார்ட்டிண்டேல் இயந்திரத்தில் தேய்த்துப் பார்க்கும் உரசல் இவற்றுக்கெல்லாம் உனக்குப் பக்கத்திலேயே கோவை சிட்ரா ஆய்வு நிலையம். உரசலுக்குக் கொடுக்கும்போது 9 கிலோபாஸ்கல் அழுத்தம் வேண்டாம், வேலை உடைக்குரிய 12 கிலோபாஸ்கலில் கேள். துவைக்காத துண்டும் 50 துவைத்த துண்டும் இரண்டும் கொடு. கிழிசலை ஈரத்திலும் பார்க்கச் சொல், ஆ துணியின் பலவீனம் அங்கேதான் வெளிப்படும்.

இனி உடுத்திப் பார்ப்பது. 12 பேர் வேண்டும், ஆளுக்கு மூன்று துணியிலும் இரண்டிரண்டு செட், மொத்தம் 72. வெட்டு, நிறம், பொத்தான் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். காலருக்குள் எண் மட்டும் இருக்கட்டும், எது விலை கூடியது என்று ஒருவருக்கும் தெரிய வேண்டாம். நாலு வாரத்துக்கு ஒரு துணி. முதல் நாலு பேர் அ, ஆ, இ என்ற வரிசையில் போடட்டும். அடுத்த நாலு பேர் ஆ, இ, அ. கடைசி நாலு பேர் இ, அ, ஆ. எல்லோரும் ஒரே வரிசையில் போட்டால் மே மாத வெயிலில் மாட்டுகிற துணிக்குத்தான் கெட்ட பெயர் வரும். இரண்டு செட்டை மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு செட்டுக்குப் பன்னிரண்டு, பதினாலு துவைப்பு வரும். மீதியை மெஷினில் ஓட்டி ஐம்பதாக்கிக்கொள்.

இடத்துக்கு நீ அலைய வேண்டாம். காலையில் ஊட்டியில் மூடுபனியில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் மதியம் மசினகுடி வெயில். ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம், ஒரே நாளில் இரண்டு பருவம். உடையை நடைக்கு முன்னும் பின்னும் கிராம் தராசில் நிறுத்து. கூடிய எடைதான் துணி பிடித்துவைத்த வியர்வை. மசினகுடியில் ஆ துணி அதிகம் பிடிக்கும், ஆள் சுகமாக இருக்கிறது என்பான். அதே துணி மேலே நடுவட்டம் ஊர்த் தூறலில் நனைந்தால் காய நேரமெடுக்கும், கனக்கும், நடுங்க வைக்கும். காய்கிற நேரத்தையும் அளந்துவிடு. பிழிந்து கொட்டகைக்குள் தொங்கவிட்டு அரை மணிக்கு ஒரு தரம் நிறுத்துப் பார். மலையில் இந்த ஒரு எண்ணுக்காகவே அ துணியை விரும்புகிறவர்கள் உண்டு.

கேள்வித்தாளில் ஐந்துக்கு எத்தனை மார்க் என்று மட்டும் கேட்டால் நாலு, நாலு என்று எழுதிவிட்டுப் போவார்கள். எங்கே உரசியது, எந்த நேரத்தில் என்று கேள். மதியம் 2 மணிக்கு ஒருவர் நின்று எத்தனை பேர் கை சுருட்டியிருக்கிறார்கள், எத்தனை பேர் காலர் திறந்திருக்கிறார்கள் என்று எண்ணி எழுதட்டும். நான் கேள்வித்தாளைவிட அந்த எண்ணிக்கையைத்தான் நம்புவேன்.

உழைப்புக்குக் கவாத்து வெட்டிய தேயிலைக் காட்டைவிட நல்ல இடம் கிடையாது. வெட்டுக் குச்சி முழங்காலுக்கும் தொடைக்கும் சரியான உயரத்தில் குத்தும். அடுத்தது உண்ணிச்செடிப் புதர். ரிப்ஸ்டாப் கட்டம் (கிழிசல் ஓடாமலிருக்கத் தடித்த நூலில் நெய்த கட்டம்) இருந்தால் ஓட்டை அந்தக் கட்டத்தோடு நிற்கிறதா, தாண்டி ஓடுகிறதா பார். வெயிலையும் மறக்காதே: அராமிட் இழை சூரிய ஒளியில் பலம் இழக்கும், மலையில் புற ஊதாக் கதிர் கீழ்நாட்டைவிடக் கடுமை. 5 சென்டிமீட்டர் அகல நாடாக்களைக் கூரையில் முப்பது நாள் கட்டிவை, பாதிக்குக் கறுப்பு அட்டை மூடி. பிறகு இரண்டு பாதியையும் இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் கையில் கிடைக்கும். காயப்போடுவது எப்போதும் நிழலில்தான்.

உன் சாம்பிள் உடையில் ஒரு தவறு இருக்கிறது. தையல் நூல் பாலியஸ்டர். 260 டிகிரி வாக்கில் உருகிவிடும். துணி கருகாமல் நின்றாலும் தையல் திறந்து தீ உள்ளே போகும். மெட்டா அராமிட் நூல் வாங்கு, அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல். ஒட்டுப்பட்டையும் (வெல்க்ரோ) நைலான்தான், வெளியே தெரியாமல் மேல்மடிப்பு வை. ஜிப்புக்குப் பித்தளைப் பல், உள்ளே ஒரு பட்டை. கவட்டில் நாலு தையலும் ஒரே புள்ளியில் வந்து முட்டுகிறது, அங்கே சாய்சதுரத் துண்டு கொடுத்தால் பாதிப் பிளவு நின்றுவிடும். உள்ளே போடும் பனியனையும் சோதனையில் சேர். 2006 ஏப்ரலில் அமெரிக்க மரைன் படை ஈராக்கில் முகாமுக்கு வெளியே பாலியஸ்டர், நைலான் விளையாட்டு உடைகளைத் தடை செய்தது, உருகித் தோலோடு ஒட்டிக்கொள்வதால். மேலே எவ்வளவு நல்ல துணி இருந்தாலும் உள்ளே பருத்தி அல்லது கம்பளிதான்.

என் கருத்தைக் கேட்டால்: நடந்து திரிகிற வேலைக்கு ஆ துணி, முழங்கால், முழங்கை, கவட்டில் அ துணியால் இரட்டை. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முழுக்க அ. இ துணி, சலவை ஒரே இடத்தில் கட்டுப்பாட்டோடு நடக்கிற தொழிற்சாலைக்கு. தீக்கோடு எடுக்கிற வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு என்றாவது தைத்தால் இந்தக் கனமெல்லாம் வேண்டாம். ஒற்றை அடுக்கு, தளர்ச்சி, லேசு. அவர்களுக்குத் தீயைவிட உடம்புச் சூடே முதல் ஆபத்து.

ஒவ்வொன்றிலும் 4 மீட்டர், நூல் ஒரு கோன் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் போட்டு விடு. கூரை நாடாக்களை நானே கட்டுகிறேன், மார்ச் வெயில் வீணாக வேண்டாம்.

அன்புடன்,
போஜன்

பி.கு: அட்டைப் பூச்சி கடிக்காமலிருக்க வேப்பெண்ணெய் தடவுகிறார்கள், மரம் அறுக்கும் பவர் சா ஆயில் தொடையில் தெறிக்கிறது. எண்ணெய் ஊறிய துணி எந்த வகையானாலும் எரியும். அதனால் உள் லேபிளில் தமிழிலும் இந்தியிலும் அடி: கஞ்சி, பிளீச்சிங், மென்மையாக்கும் திரவம் வேண்டாம்; எண்ணெய் பட்டால் துவைக்காமல் போடாதே.