செவ்வாய்ப் படத்தில் கறுப்புக் கட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் நாசாவின் ஆப்பர்சூனிட்டி ஊர்தி எடுத்த பழைய செவ்வாய்ப் படம் ஒன்றைப் போட்டு, நடுவில் உள்ள கறுப்புக் கட்டத்துக்கு அம்புக்குறி வைத்து, ‘நாசா எதை மறைக்கிறது?’ என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்திலேயே செயற்கை நுண்ணறிவால் மீட்டதாக இன்னொரு படம். கட்டம் இருந்த இடத்தில் அழகாக நாலு பாறைகள். எனக்கு முதல் படத்தின் மேல் சந்தேகமே இல்லை, இரண்டாவதின் மேல்தான்.

நான் தொலைபேசித் துறையில் மைக்ரோவேவ் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பக்கத்து ஊருக்குப் போகும் சிக்னலே சில நாள் மக்கர் பண்ணும். செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வரும்போதே சுமார் ஐந்தரைக் கோடி கிலோமீட்டர். ஊர்தி அனுப்பியதில் பெரும்பகுதி மேலே சுற்றும் மார்ஸ் ஒடிஸி விண்கலத்துக்குப் போய், அங்கிருந்து கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெரா என்று எங்காவது ஒரு பெரிய டிஷ்ஷுக்கு வந்து சேர்ந்தது. நடுவில் ஒரு பாக்கெட், அதாவது தகவலின் ஒரு சிறு பொட்டலம், தவறுவதில் என்ன அதிசயம்?

2004-இல் இறங்கிய அந்த ஊர்தியின் கேமராவில் 1024-க்கு 1024 புள்ளிகள், புள்ளிக்கு 12 பிட் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒரு குறி). அதை அப்படியே அனுப்பக் கட்டுப்படியாகாது. ஐசர் என்ற வேவ்லெட் முறையில் புள்ளிக்குச் சுமார் ஒரு பிட் அளவுக்குச் சுருக்கி அனுப்பினார்கள். வேவ்லெட் முறை படத்தின் மொத்த உருவத்தைத் தனியாகவும் நுணுக்கங்களை அடுக்கடுக்காகவும் பிரிக்கும். முக்கியமானது முதலில் வரும். இவ்வளவு இறுக்கிச் சுருக்கினால் ஒரு சங்கடம் உண்டு. ஒவ்வொரு பிட்டும் தனக்கு முந்தியதை நம்பியிருக்கும். ஒன்று தவறினால் பின்னால் வந்தவை கைக்கு வந்தும் படிக்க முடியாது. அதனால்தான் படத்தை 32 துண்டுகள் வரை வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருக்கும்படி ஐசரை அமைத்தார்கள். சேதம் அந்தத் துண்டோடு நின்றுவிடும்.

நீங்கள் போட்ட படத்திலேயே வலது ஓரம் பாருங்கள். ஒரு கட்டம் கறுப்பாக இல்லை, மங்கலாக இருக்கிறது. அந்தத் துண்டுக்கு முதல் பாக்கெட்டுகள் வந்துவிட்டன, பின்னால் வர வேண்டியது தவறிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. நடுக் கட்டத்துக்கு முதல் பாக்கெட்டே வரவில்லை போலும். மறைக்க நினைத்தவர்கள் இதையும் சேர்த்து, உலகமே பார்க்க இணையத்தில் போடுவார்களா?

சரி, போனதை மீட்க முடியாதா? ஊர்தி இயங்கிய காலத்தில் முடிந்தது. படம் அதன் நினைவகத்தில் இருந்தவரை இன்னொரு தடவை அனுப்பச் சொல்லலாம். அதற்கும் வழியில்லை என்றால் கணக்குப் போட்டு ஒப்பேற்றுவார்கள்: மொத்த உருவத்தை அக்கம்பக்கத்து மதிப்புகளை வைத்து நிரப்புவது, நுணுக்கங்களைப் பூஜ்ஜியமாக விட்டுவிடுவது. கிடைப்பது ஒரு மழுங்கிய திட்டு. பார்க்கச் சுமார்தான், ஆனால் இல்லாத பாறை அதில் முளைக்காது. வீடியோவில் இன்னும் சுலபம். தியேட்டரில் ஓடும் டிஜிட்டல் படமும் ஜேபெக் 2000 என்ற வேவ்லெட் முறைதான். ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்படுவதால் ஒன்று கெட்டாலும் அடுத்ததைத் தொடாது. முந்தைய ஃபிரேமையே ஒரு கணம் நிறுத்திக் காட்டினால் யாருக்கும் தெரியாது. ஒற்றைப் படத்துக்கு அந்த வசதி கிடையாது.

செயற்கை நுண்ணறிவு செய்தது மறுபடி அனுப்பச் சொல்வது, கணக்குப் போட்டு ஒப்பேற்றுவது என்ற இரண்டிலும் சேராது. ஆயிரக்கணக்கான பாறைப் படங்களைப் பார்த்த பழக்கத்தில் அது நாலு பாறையை வரைந்திருக்கிறது. அங்கே மணல் மட்டும் இருந்திருக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டும் பக்கம் அது. அடுத்த ஞாயிறு முதல் படத்தை அம்புக்குறி இல்லாமல் மறுபடி போடுங்கள். இரண்டாவதையும் போட்டே ஆக வேண்டுமென்றால், கீழே ‘கணினி வரைந்தது’ என்று கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைத்தொடர்பு ஊழியர்,
நாகர்கோவில்