காசிமேட்டுப் படகுப் படம் எங்கே? காட்சிக்கூடப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். எந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். உள்ளே நுழைந்ததும் இடது பக்கச் சுவரில், சணல் கயிறு கட்டி இரண்டு ஆணியில் மாட்டியிருந்த காசிமேட்டுப் படகுப் படம். ஆணியும் பெயர்ச்சீட்டும் அப்படியே இருக்கின்றன, படம் இல்லை. காணாமல் போய்விட்டது என்று ஒப்புக்கொள்ளக்கூட உங்கள் ஆட்களுக்கு மனம் வரவில்லை. "போட்டோ எடுக்கக் கொண்டுபோயிருப்பாங்கன்னு நினைச்சோம்" என்கிறார்கள்.

அதை வரைந்தவர் எங்கள் தெருக்காரர். சினிமாவுக்கும் கட்சிக்கும் கட்அவுட், பேனர் வரைந்து குடும்பம் நடத்தியவர். பிளெக்ஸ் வந்ததும் அந்த வேலை போயிற்று. அப்புறம் வீட்டு வாசலில் உட்கார்ந்து தனக்கென்று வரைந்த எண்ணெய் ஓவியங்கள் ஐந்தாறு இருக்கும். அவர் இறந்த பிறகு, வடசென்னைக்காரர்கள் வரைந்ததை வடசென்னையிலேயே வைக்கிறோம் என்று நீங்கள் கேட்டு வந்தபோது, அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், வீட்டிலிருந்ததிலேயே நல்ல படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தார். ரசீது கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாதா?

காவல் நிலையத்துக்கு அக்காவோடு நானும் போனேன். படம் என்ன அளவு என்று கேட்டார்கள், இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கையெழுத்து எந்த மூலையில், பின்னால் ஏதாவது எழுதியிருந்ததா, கீறல், ஒட்டு ஏதாவது உண்டா, போட்டோ இருக்கிறதா? போட்டோ ஒன்று இருந்தது. மகள் நிச்சயதார்த்தத்தில் எடுத்தது, சொந்தக்காரர்கள் தலைக்கு மேல் ஃபிரேமின் ஒரு மூலையும் ஒரு படகின் முனையும் தெரிகின்றன, அவ்வளவுதான். இதை வைத்து எதைத் தேடுவது என்று அவர்கள் கேட்டதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அங்கிருந்து உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, "அது உங்க படம்தான்னு என்னம்மா ஆதாரம்?" என்று கேட்டீர்களே, அதை என்னால் மறக்க முடியவில்லை. புருஷன் கையால் வரைந்ததற்கு அவர் யாரிடம் போய் ஆதாரம் வாங்குவார்? வெளியே வந்து ஆட்டோ ஏறும்வரை அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு படைப்புக்கும் தனிப் பதிவும் தனிப் பாதுகாப்பும் வேண்டும். வாசலுக்குப் பூட்டும் கேமராவும் போட்டால் போதாது. 1911 ஆகஸ்டில் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசாவை ஒருவன் கொக்கியிலிருந்து கழற்றி எடுத்துப் போனபோது, போட்டோ எடுக்கத்தான் போயிருக்கிறது என்று அங்கிருந்த காவலர்களும் நினைத்தார்கள், திருட்டு என்று தெரியவே மறுநாள் ஆயிற்று. அதே லூவரில் 2025 அக்டோபரில் அரச நகைகளை எட்டு நிமிடத்துக்குள் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கத்தில் வெளியே இருந்த ஒரே கேமரா, திருடர்கள் ஏறிய பால்கனியைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பியிருந்தது. நம் கேமரா பார்ப்பது செருப்பு விடும் இடத்தை.

போட்டோ எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டை விட்டுப் போக வேண்டாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராசரை 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அவர் 2014இல் இந்தியா திரும்ப முடிந்ததற்குப் பெரிய காரணம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எப்போதோ எடுத்து வைத்திருந்த படங்கள். கலைப்பொருள்களைப் பதிவு செய்ய ஆப்ஜெக்ட் ஐடி என்ற உலகப் பொது முறையும் 1997 முதல் இருக்கிறது. என்ன பொருள், எதில் செய்தது, அளவு, எழுத்து, தனி அடையாளம், யார் செய்தது, எப்போது என்று எழுதி, கூடவே போட்டோ. ஒரு படைப்புக்கு ஒரு தாள் போதும். தனிக் கருவி இல்லாமல் கழற்ற முடியாத கொக்கிகள் கிடைக்கின்றன. ஃபிரேமுக்குப் பின்னால் ஒரு காந்தத் துண்டு, சுவரில் ஒரு சென்சார், படம் நகர்ந்தால் அலாரம் அடிக்கும். கடைக் கதவுக்குப் போடும் அதே வகைதான். கேமரா நடந்ததைப் பிறகு காட்டும், இது கை வைத்த நிமிடமே சொல்லும்.

திருட்டு மட்டுமா? யாரோ ஒரு பிரமுகரின் பிறந்தநாளுக்காகப் படங்களை இறக்கித் தரையில் சாய்த்து வைத்தீர்கள். எண்ணெய் ஓவியத்தை ஈரத்துணியால் துடைப்பதை நானே பார்த்துத் தடுத்தேன். வெண்கலச் சிலையை வருகிறவர் எல்லாம் தடவுகிறார்கள். விரல் வியர்வையின் உப்பு வெண்கலத்தை அரிக்கும், அதுவும் நம் கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். தொடக்கூடாது என்று சொல்ல ஓர் ஆள் அந்த அறையில் இல்லை.

எங்கள் பக்கத்துக்கு எப்போதும் இதுதான். அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூருக்கு, 2023 டிசம்பர் வெள்ளத்தில் மிதந்து வந்த எண்ணெயும் எண்ணூர் முகத்துவாரத்துக்கு. கலை என்று ஒன்று வந்தது, அதற்கும் இரண்டு ஆணியும் சணல் கயிறும். எங்கள் வீட்டுப் பொருளுக்கு மதிப்பில்லை என்று யார் முடிவு செய்தது?

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். படத்தை அக்காவிடமிருந்து வாங்கியதையும், உங்கள் பொறுப்பில் இருக்கும்போது காணாமல் போனதையும் முத்திரையோடு எழுதி அவர் கையில் கொடுங்கள், புகாருக்கு அது வேண்டும். மிச்சமிருக்கும் ஒவ்வொரு படைப்புக்கும் தனிப் பதிவு, தனிக் கொக்கி, தனி அலாரம் ஏற்பாடு செய்யுங்கள். பணம் வர நாளாகும் என்றால் பதிவையாவது இப்போதே தொடங்குங்கள். எங்கள் தெருப் பிள்ளைகளில் நன்றாகப் போட்டோ எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று தயவுசெய்து சொல்லுங்கள், அளவு நாடாவோடு காலையிலேயே வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவன்