அப்பா கையும் என் 32 பக்கமும்

நகரி,
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

அன்புள்ள குண்டுமணி,

நாங்க எல்லாரும் நலம்னு வழக்கம்போல ஆரம்பிக்க இந்தத் தடவை முடியல. பாட்டிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு உங்க அண்ணன் சந்தையில பார்த்தப்போ அம்மாகிட்ட சொன்னாராம். ரொம்ப சந்தோஷம். நீ எனக்குச் சொல்லவே இல்லையேன்னு கோவம் வந்தது. நானும் ரெண்டு மாசமா ஒரு வரி எழுதலன்னு நினைப்பு வந்ததும் கோவம் அடங்கிடுச்சு. போன் பண்ணியிருக்கலாம்னு சொல்லுவ. போன்ல உன் குரலைக் கேட்டா அழுதுடுவேன்டி, அதான் பேப்பரை எடுத்தேன்.

விஷயத்தைச் சொல்லிடறேன். அப்பா விழுந்துட்டார். வலது கையில எலும்பு விரிசல்.

ஐப்பசி மழை பிடிச்சா நம்ம தெரு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும். தறிக்கூடத்துப் படியில பாசி. தீபாவளி ஆர்டர் அவசரம்னு பாவு நூல் சுத்தின உருளையைத் தோள்ல தூக்கிட்டு இறங்கியிருக்கார். கால் வழுக்கினதும் உருளை சேத்துல விழுந்துடக் கூடாதுன்னு அதை இடது கையால அணைச்சுக்கிட்டு, வலது கையைத் தரையில ஊனிட்டார். பாவுல ஒரு இழை அறுபடல. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல, கட்டைவிரல் பக்கத்து எலும்பு விட்டுடுச்சு. நான் அப்போ மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல இருந்தேன். தம்பி போன் பண்ணி, "அக்கா, அப்பா கை ஒரு மாதிரி வீங்கியிருக்கு"ன்னான். கிடைச்ச திருப்பதி வண்டியில ஏறிட்டேன். திருத்தணி தாண்டி அந்த வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை வந்ததும், ஒரே மூச்சுல பேரைச் சொல்லணும்னு நாம பந்தயம் கட்டுவோமே, பழக்கத்துல வாய் தானா முணுமுணுத்துடுச்சு. பாதியிலேயே தொண்டை அடைச்சிக்கிச்சு.

திருத்தணியில டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு, எலும்பு இடம் மாறல, மாவுக்கட்டு போட்டுடலாம்னார். அப்பா வெளியே வந்து வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டு "புத்தூர்தான்"னு ஒரே வார்த்தையா சொல்லிட்டார். அவங்கப்பாவுக்குக் கால் முறிஞ்சப்போ அங்கதானாம், பெரியப்பாவுக்கும் அங்கதானாம். அம்மாவும் நானும் பேசிப் பார்த்தோம். நம்ம ஊர்க்காரங்களுக்கு முறிவுன்னா புத்தூர் பச்சிலைக் கட்டுதான், உனக்கு நான் சொல்லணுமா? கடைசியில ஒரு ஒப்பந்தம். கட்டு புத்தூர்ல, ஆனா விரல் மரத்துப்போனாலோ, நீலம் பாரிச்சாலோ, கட்டுக்குள்ள தாங்காம வலிச்சாலோ உடனே டாக்டர்கிட்ட ஓடணும். நீ போன வருஷம் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னேன். தினமும் காலையில நகத்தை அழுத்திப் பார்க்கிறேன், வெளுத்து மறுபடியும் சிவக்குது. சரிதானே?

இனிமே சொல்லப்போறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதே. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் நடந்தது.

இந்த மாசம் எங்க ஓவிய வகுப்புல ஆளுக்கு ஒரு முழுப் படக்கதை போடணும். கதையும் நம்மது, படமும் நம்மது, 32 பக்கம். ஏன் 32ன்னா, பெரிய தாள் ஒண்ணு மடிச்சா 16 பக்கம், ரெண்டு தாள்ல புத்தகம் முடிஞ்சிடும். அச்சுக்காரங்க கணக்கு அது. நான் எடுத்துக்கிட்டது தறிக்காரர் வீட்டுப் பொண்ணு ஒருத்தியோட ஒரு நாள். கதை எழுத ஒரு நாள் கூட ஆகல. 32 பக்கத்தையும் தீப்பெட்டி சைசுல குட்டிக் கட்டமா போட்டப்பவும் எல்லாம் சரியாத்தான் இருந்தது. நகரி மூக்கு மலை முதல் பக்கத்துலேயே வந்துடுச்சு. கடல்ல வர்ற கப்பல்காரங்க அந்தக் காலத்துல அந்த மலையை அடையாளம் பார்த்து வந்தாங்கன்னு பூகோள வாத்தியார் சொல்வாரே, அதை நினைச்சுக்கிட்டே போட்டேன்.

பெரிசா வரைய ஆரம்பிச்சதும் மாட்டிக்கிட்டேன். சார் 11 பக்கத்தைத் தனியா எடுத்து வச்சுட்டு, "இதுல எல்லாம் கை எங்கம்மா?"ன்னு கேட்டார். அம்மா கை முந்தானைக்குள்ள. அப்பா கை தறிக்குப் பின்னாடி. பொண்ணு ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டியிருக்கா. உனக்கு ஞாபகம் இருக்கா, ரிப்பன் டீச்சருக்குப் பிரிவு உபசாரத்துக்கு நான் போட்ட படம்? அதுலயும் டீச்சர் கை பூங்கொத்துக்குள்ள புதைஞ்சிருக்கும். எட்டாம் வகுப்புலேர்ந்து நான் கையை ஒளிச்சுக்கிட்டே வந்திருக்கேன்டி. முகம் போடுவேன், புடவை மடிப்பு போடுவேன், எல்லாரும் ஆகா ஓகோன்னுவாங்க. கை வராதுங்கிறது எனக்கு மட்டும் தெரிஞ்ச விஷயமா இருந்தது. நெசவைப் பத்தின கதையில கை இல்லன்னா அப்புறம் என்னதான் இருக்கு? அவர் கேட்டது நியாயம். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கல.

ஒரு வாரம் பழைய அம்புலிமாமாக்களை வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். தாத்தா பைண்டு பண்ணி வச்சது, தமிழ் ஒரு கட்டு, தெலுங்கு ஒரு கட்டு. 1947ல தமிழ்லயும் தெலுங்குலயும் சேர்ந்தே தொடங்கின பத்திரிகை, நம்ம வீடு மாதிரி. அதுல சங்கர் வரைஞ்ச விக்கிரமாதித்தன் கையை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்து வரைஞ்சேன். ஒரு கையில வாள், தோள்ல பிணம். வாளைப் பிடிச்ச விரல்ல இருக்கிற இறுக்கம் முழங்கை வரைக்கும் ஏறுது பாரு, அது கோட்டுல எப்படி வந்ததுன்னே புரியல. சென்னை ஓவியப் பள்ளியில படிச்சவர், 2020ல காலமானார். தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்தவர், ஒரு தடவை போய்ப் பார்க்காம விட்டுட்டேனேன்னு இருக்கு. அவர் கோட்டைப் பார்த்து நான் போட்டது அவர் கை மாதிரி இருந்தது, ஒரு தறிக்காரர் கை மாதிரி இல்ல. பத்து நாள் இப்படிப் போச்சு. நடுவுல கம்ப்யூட்டர்ல வண்ணம் போட்டுக்கிட்டு இருந்தப்போ கரண்ட் போய் ஒரு பக்கம் முழுசா அழிஞ்சது. திரையில மயில் கழுத்து நிறமா பளபளன்னு இருந்த புடவை, மாதிரி அச்சு எடுத்துப் பார்த்தா பழைய பாவாடை மாதிரி மங்கிப்போய் வந்தது. திரைக்கு வெளிச்சம், அச்சுக்கு மை, அதனால அப்படித்தானாம். மறுபடியும் எல்லா வண்ணத்தையும் மாத்தினேன். இதையெல்லாம் விட்டுத்தள்ளு.

அந்த நேரத்துலதான் தம்பியோட போன்.

புத்தூர்ல காலையிலேயே கூட்டம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கேக்குது. லாரி டிரைவர் ஒருத்தர், மரத்துலேர்ந்து விழுந்த பையன் ஒருத்தன், இடுப்புல கை வச்சபடி ஒரு பாட்டி. எங்க முறை வர மத்தியானம் ஆயிடுச்சு. எக்ஸ்ரே உறை என் மடியில. அப்பாவுக்கு வலி தெரியாம இருக்க ஏதாவது பேசணும்னு படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிக் காட்டினேன். காட்டின நான்தான் அப்படியே பார்த்துக்கிட்டே இருந்துட்டேன்.

முழங்கைக்குக் கீழ ரெண்டு எலும்பு. உனக்கு இது முதல் வருஷப் பாடம், எனக்கும் படம் போட்டுக் காட்டியிருக்காங்க, மனப்பாடமும் பண்ணியிருக்கேன். ஆனா அது அப்பா கைன்னு பார்க்கிறப்போதான் உறைச்சது. நீ இப்பவே உன் கையை மேசை மேல உள்ளங்கை மேல பார்க்க வை. முழங்கையை அசைக்காம, உள்ளங்கையைக் கீழ கவிழ். கட்டைவிரல் அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் வந்துடுச்சில்ல? சுண்டுவிரல் பக்கத்து எலும்பு இருந்த இடத்துலேயே இருக்கு, கட்டைவிரல் பக்கத்து எலும்பு அது மேல குறுக்கா ஏறிப் படுக்குது. முன்கையோட வடிவமே மாறுது, மணிக்கட்டுகிட்ட அகலம் இருந்த இடத்துல திருகல் வருது. நான் இத்தனை வருஷமா முன்கையை ஒரு குழாயா போட்டு, நுனியில கையை ஒட்டவச்சுக்கிட்டு இருந்தேன். அதனாலதான் என் கை எல்லாம் கடையில வாங்கி மாட்டின மாதிரி தொங்கிச்சு. கையை மணிக்கட்டுலேர்ந்து ஆரம்பிக்கக் கூடாது, முழங்கையிலேர்ந்து ஆரம்பிக்கணும்.

எக்ஸ்ரே உறையோட பின்பக்கத்துல பென்சிலால வரைய ஆரம்பிச்சேன். கட்டுற இடத்துல பெரியவர் ஒருத்தர், கை முழுக்கப் பச்சிலைச் சாறு. அப்பா கையை மடியில வாங்கி ரெண்டு கட்டைவிரலாலயும் எலும்பு ஓரமாவே தடவிக்கிட்டு வந்தார். "நொப்பி உந்தா?"ன்னு, வலிக்குதான்னு தெலுங்குல கேட்டார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். விரிசல் இருந்த இடத்துல அவர் கட்டைவிரல் நின்னுடுச்சு, அழுத்தல, சும்மா நின்னது. அப்புறம் சாறு, முட்டை வெள்ளை, துணி, மூங்கில் தப்பை, மறுபடியும் துணி. முடிச்சு போடும்போது பல்லால ஒரு முனையைக் கடிச்சுப் பிடிச்சுக்கிட்டார். அந்தக் கையை நான் ஆறு தடவை போட்டேன். ஆறாவது தடவை சரியா வந்தது. அப்பா வலியில உட்கார்ந்திருக்கும்போது நான் படம் போட்டுக்கிட்டு இருந்தேன்னு உனக்குத் தப்பா படுமோன்னு தெரியல. எனக்கே வழியெல்லாம் அது உறுத்திச்சு. அப்பாகிட்ட கேட்டேன். "நீ பார்த்துக்கிட்டு இருந்தே, அது போதும்"னார்.

அப்புறம் வீட்டுல எங்க பார்த்தாலும் கைதான். அப்பா இடது கையால டீ டம்ளரைப் பிடிக்கிறார், தளும்புது. அவர் பண்ற வேலை இப்போ அம்மாகிட்ட. பழைய பாவு தீர்ந்து புதுப் பாவை இணைக்கிறதை நீ பார்த்திருக்க. பழைய இழை நுனியும் புது இழை நுனியும் சேர்த்து, சாம்பல் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒரு முறுக்கு. ஆயிரக்கணக்கான இழை, ஒவ்வொண்ணா. அம்மா பண்ணும்போது பக்கத்துல மணையில உட்கார்ந்து பார்த்தேன். சுண்டுவிரலும் மோதிர விரலும் சும்மா இருக்குன்னு நினைச்சிருந்தேன். அதுங்கதான் அடுத்த இழையைத் தயாரா ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு! விரல் உள்ளங்கைப் பக்கத்துலேர்ந்து பார்த்தா குட்டையா, புறங்கையிலேர்ந்து பார்த்தா நீளமா தெரியுதே, கவனிச்சிருக்கியா? முட்டிலேர்ந்து விரல் ஆரம்பிக்குது, ஆனா உள்பக்கம் சதை பாதி வழி ஏறி மூடிடுது. இந்த ஒண்ணு தெரியாம நான் எத்தனை கையைக் கெடுத்திருக்கேன்.

அப்பா எட்டிப் பார்த்துட்டு, "கையை எதுக்கும்மா போடறே, தறியைப் போடு. தறியில தப்பு வந்தா ஊர்ல சிரிப்பாங்க"ன்னார். தறியும் போட்டேன். அச்சு எங்க, விழுது எங்க, ஊடு நூலைக் கொண்டுபோற நாடா எந்தப் பக்கம் ஓடும்னு அவரே இடது கையால காட்டிக் கொடுத்தார். ஒன்பதாம் பக்கத்துல நாடாவுக்குள்ள இருக்கிற தார்க்குச்சியைத் தப்பா வச்சிருந்தேன், மாத்தச் சொன்னார்.

போன வாரம் 11 பக்கத்தையும் புதுசா போட்டுச் சாருக்குக் கொண்டுபோனேன். மூணுல மட்டும் சிவப்பு பென்சில் விழுந்தது. பதினாலாம் பக்கத்துல கட்டைவிரல் தப்பான பக்கம் மடங்குது, அதை அவர் சொன்னதும் எனக்கே தெரிஞ்சது. அழுகை வரல. இன்னும் எட்டுப் பக்கம் மை போடணும், வெள்ளிக்கிழமை கடைசி நாள். முடிச்சிடுவேன்.

எனக்கு இப்போ கவலை எல்லாம் அந்த முறுக்குதான் குண்டுமணி. கட்டு பிரிச்சதும் அப்பாவுக்கு அந்த விரல் ரெண்டும் பழையபடி வேலை செய்யுமா? நாடா மாத்துறது, தறி ஓட்டுறது எல்லாம் எப்படியும் சமாளிப்பார். இழை முறுக்க வரலன்னா அவர் உடைஞ்சிடுவார். வாய் திறந்து சொல்லல. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் திண்ணையில உட்கார்ந்து, கட்டுக்கு வெளிய தெரியற விரல் நுனி ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு உரசிப் பார்க்கிறார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. அதை மட்டும் நான் வரையல.

நீ பிசியோதெரபி மூணாம் வருஷம். கட்டு இருக்கும்போதே விரலை எவ்வளவு அசைக்கலாம், தோளும் முழங்கையும் இறுகாம இருக்க என்ன பண்ணணும், கட்டு பிரிச்சதும் எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்னு உங்க மேடம்கிட்ட கேட்டு, எனக்குப் புரியற மாதிரி எழுது. கட்டு பிரிச்சதும் மறுபடியும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடலாம்னு நான் சொல்லியிருக்கேன், அப்பா ஆகட்டும்னார். நீயும் ஒரு வார்த்தை எழுதினா கேட்பார். உன் பேச்சுக்கு அவர்கிட்ட எப்பவும் மதிப்பு உண்டு, மார்க்கு வாங்குற பொண்ணுன்னு.

பாட்டியைக் கேட்டேன்னு சொல்லு. கண்ணாடி போட்ட முகத்தை நான் வந்துதான் வரைவேன், அதுக்குள்ள யாரையும் போட்டோ எடுக்க விடாதே. நீ பொங்கலுக்கு வராம கோயம்புத்தூர்லேயே இருந்துடலாம்னு திட்டம் போட்டிருந்தா, ரிப்பன் டீச்சர் கல்யாணத்துல நீ சாம்பார் கரண்டியோட ஓடினதைப் படமா போட்டு உங்க ஹாஸ்டல் விலாசத்துக்கே அனுப்பிவிடுவேன். இப்போ எனக்குக் கை நல்லா வரும், கரண்டியைப் பிடிச்சிருக்கிற கையும் சேர்த்து.

இத்தோட ஒரு தாள் மடிச்சு வச்சிருக்கேன். அப்பா இடது கையால டீ குடிக்கிறது. கசங்காம எடு.

அப்பா கூப்பிடறார். சட்டைப் பட்டன் போட்டுவிடணும்.

உன்,
நெட்டை