செயலாளர் ஆண்டறிக்கை 2025: ஒரு மஸ்டாங்குக்குப் பூட்டிய நகைகள்

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பனி கொட்டிய ஜனவரியில் மட்டும் இணையவழியில் கூடினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆகவே எனக்குக் கொடுத்த நேரத்தை, இந்த ஆண்டு முழுக்க நம் கைகளைக் கறையாக்கிய ஒரே ஒரு காருக்குக் கொடுத்துவிடுகிறேன்.

நம்மில் பெரும்பாலோர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட் வட்டாரக் கார் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். வாரம் முழுக்கக் கணினித் திரையில் கதவும் பம்பரும் வரைகிறவர்களுக்கு, சனிக்கிழமை ஒரு நிஜக் கதவைத் தொட்டுப் பார்க்கக் கிடைப்பது பெரிய காரியம். பிப்ரவரியில் உறுப்பினர் ஒருவர் ஃபோர்டின் 1969 மஸ்டாங் ஸ்போர்ட்ஸ்ரூஃப் (கூரை பின்னோக்கிச் சரியும் வகை) வாங்கி வந்தபோது, அவருடைய கராஜில் நிற்க இடமில்லாத அளவுக்கு நாம் திரண்டதற்குக் காரணம் அதுதான்.

அவர் ஆசை, வண்டியை மஸ்டாங்கின் பந்தயக் கார் தோற்றமுள்ள மாக் 1 மாடல் போல ஆக்கவேண்டும் என்பது. கறுப்பு மேட் பெயின்ட் அடித்த பானட், அதன் மேல் ஸ்கூப் என்கிற காற்றுவாய்ப் புடைப்பு, பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை, பின்னால் குரோம் பெட்ரோல் மூடி என 1969இல் ஃபோர்டு அந்த மாடலுக்குக் கொடுத்த அத்தனையும் வேண்டும் என்றார். கதவில் வண்டியின் குறியீடுகள் பொறித்த தகட்டைத் துடைத்துப் படித்தோம். மாக் 1 என்றால் 63சி என்று இருக்க வேண்டும். இதில் இருந்தது 63ஏ, அதாவது சாதாரண ஸ்போர்ட்ஸ்ரூஃப். வண்டி எண் 9எஃப்02எச் என்று தொடங்கியது. 9 என்றால் 1969, எஃப் என்றால் டியர்பார்ன் ஆலை, எச் என்றால் இரட்டை பேரல் கார்புரேட்டர் வைத்த 351 கன அங்குல எஞ்சின், 250 குதிரைத்திறன். நாம் கூடியிருக்கும் இந்த இடத்திலிருந்து அரை மணி நேரத் தொலைவில் பிறந்த வண்டி!

மார்ச் கூட்டத்தில் நடந்த வாக்குவாதம் நினைவிருக்கும். "யார் தகட்டைப் பார்க்கப் போகிறார்கள்? மாக் 1 எழுத்தை ஒட்டிவிடுங்கள், இதைவிடப் பெரிய 428 எஞ்சினின் பேட்ஜும் வைத்துவிடலாம்" என்றார்கள் சிலர். நான் எதிர்த்தேன். கோபமாகவே பேசினேன். என் குரல் உயர்ந்ததற்கு வருந்துகிறேன், சொன்ன கருத்துக்கு வருந்தவில்லை. அழகுக்கு எதை வேண்டுமானாலும் பூட்டலாம். ஆனால் வண்டி தன்னைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. நாளைக்கு இதை வாங்குகிறவர் அந்தப் பொய்க்கு விலை கொடுப்பார்.

அன்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர், கார் வடிவமைப்பாளர் லாரி ஷினோடாவின் கதையைச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகச் சிறுவயதில் அமெரிக்க அரசின் மன்சனார் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டவர், பிறகு ஜெனரல் மோட்டார்ஸிலும் 1968 முதல் ஃபோர்டிலும் கார்களுக்கு வடிவம் கொடுத்தவர். பாஸ் 302 என்ற மஸ்டாங் மாடலுக்கு முன்னும் பின்னும் ஸ்பாய்லர் (காற்றோட்டத்தைத் திருப்பும் தகடு), பின்கண்ணாடிக்கு மேல் கறுப்புச் சட்டங்கள் எல்லாம் வைத்தவர் அவர்தான். ஆனால் அதே வண்டியில், பின் சக்கரத்துக்கு மேலே காற்றே போகாமல் சும்மா இருந்த போலிக் காற்றுத்துளையை எடுத்துவிட்டார். இதைக் கேட்டதும் சபை அமைதியானது. எழுத்தில்லாத பட்டை, கறுப்பு பானட், பின் ஸ்பாய்லர், பின்கண்ணாடிச் சட்டம் ஆகியவை சரி, மாக் 1 பெயரும் 428 பேட்ஜும் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். வண்டிக்காரரும் மனமுவந்து ஏற்றுக்கொண்டார். அவருக்கு என் நன்றி.

நகை பூட்டுமுன் உடம்பைப் பார்க்க வேண்டுமல்லவா? பின்கண்ணாடியைச் சுற்றியிருந்த எவர்சில்வர் பட்டையைக் கொக்கி போட்டு நெம்பி எடுத்தோம். வெளியே பளபள என்றிருந்த பட்டைக்கு அடியில், கிளிப் பிடித்திருந்த ஒவ்வொரு இடத்திலும் பெயின்ட் உரிந்து, தண்ணீர் தேங்கி, துரு அப்பளம் போலப் பொரிந்திருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போயிற்று. மிச்சிகன் குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு செய்யும் வேலை இது. டெட்ராய்ட் நகருக்கு அடியிலேயே ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கம் இருக்கும் ஊரில் கார்த் தகட்டைக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. பட்டி அடித்து மறைத்துவிடலாம் என்று யாரும் சொல்லாதது எனக்குப் பெருமை. அழுகிய தகட்டை வெட்டி, புதுத் தகடு வெல்டு செய்து, துருவைத் தடுக்கும் எப்பாக்ஸி பிரைமர் அடித்த பிறகே பட்டை திரும்ப ஏறியது. இதற்கே ஏப்ரலும் மே பாதியும் போயின.

உலோகப் பட்டைகளைப் பளபளப்பாக்கியது நம் இளைஞரணி. நசுங்கிய இடத்தை உள்பக்கத்திலிருந்து மரக்கட்டையில் வைத்துத் தட்டி, 400இல் தொடங்கி 1500 வரை உப்புத்தாள் தேய்த்து, கடைசியில் பஃபிங் சக்கரம். அலுமினியத் துண்டுகள் மட்டும் எவ்வளவு தேய்த்தும் மங்கலாகவே இருந்தன. மேலே அனோடைஸ் படலம் (மின்சாரத்தால் ஏற்றிய கெட்டியான ஆக்சைடுப் பூச்சு) இருக்கிறவரை அலுமினியம் பாலிஷ் ஏற்காது. அந்தப் படலத்தைக் காஸ்டிக் சோடா கரைசலில் கழற்ற வேண்டும். கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரும் பக்கத்தில் வரவேண்டாம் என்று சொன்னேன், கேட்டீர்கள்.

தபாலில் வரவழைத்த ஃபைபர் ஸ்கூப் ஒன்று பானட்டின் வளைவோடு ஒட்டவேயில்லை. ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி. விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார். இனி எதையும் பெயின்டுக்கு முன்பே வைத்துப் பார்ப்பது என்று விதி செய்துகொண்டோம்.

பக்கவாட்டில் மின்னும் பட்டையை ஒட்டியது ஜூன் மாதம். சோப்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு, நான்கு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே நீளப் பட்டையைப் பிடித்திருந்தோம். தண்ணீர் இருக்கிறவரை பட்டை நகரும், நேராக்கலாம். ஸ்குவீஜி என்கிற வழிப்பானால் நடுவிலிருந்து வெளியே தள்ளித் தள்ளித் தண்ணீரை வெளியேற்றினால் அப்படியே பிடித்துக்கொள்ளும். கதவு இடுக்கில் அதை வெட்டும் பொறுப்பை வண்டிக்காரரின் மகளிடம் கொடுத்தோம். அந்தப் பிள்ளையின் கை நடுங்கவில்லை. எனக்குத்தான் நடுங்கியது.

பின்விளக்குக்கு எல்இடி பல்பு போட்டதும் இண்டிகேட்டர் கண்சிமிட்டாமல் நின்று எரிந்தது. ஒயரிங் கெட்டுவிட்டதென்று ஒரு மாலை முழுக்கத் தேடினோம். இண்டிகேட்டரைக் கண்சிமிட வைக்கும் பழைய ஃபிளாஷருக்குள் இருப்பது, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு. பல்பு இழுக்கும் மின்சாரத்தில் சூடாகி வளைந்தால்தான் அது டிக்டிக் என்று அடிக்கும். எல்இடி இழுக்கும் துளி மின்சாரத்தில் அது சூடாவதில்லை. எலெக்ட்ரானிக் ஃபிளாஷர் போட்டதும் சரியாயிற்று. முன்சக்கர டிரம் பிரேக்கும் டிஸ்க்காக மாறிவிட்டது.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை, உட்வர்ட் சாலையில் பழைய கார்கள் ஊர்வலம் போக 1995 முதல் நடந்துவரும் உட்வர்ட் டிரீம் குரூஸில் வண்டி ஓடியது. மிச்சிகன் சட்டப்படி பழங்கால வண்டிக்கான நம்பர் பிளேட் வைத்த கார்களை ஆகஸ்டில் தாராளமாக ஓட்டலாம், மற்ற மாதங்களில் கண்காட்சி, சங்க நிகழ்ச்சி போன்றவற்றுக்கு மட்டுமே. உறுப்பினர்கள் இதை மறக்க வேண்டாம். வழியில் பலர் நிறுத்தி "மாக் 1தானே?" என்று கேட்டார்கள். வண்டிக்காரர் ஒவ்வொருவரிடமும் "இல்லை" என்றே சொன்னார்.

ஆயுத பூஜையன்று பானட்டில் சந்தனமும் குங்குமமும் வைக்கவேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதில் சில பெரியவர்களுக்கு மனவருத்தம் என்று அறிகிறேன். மேட் பெயின்டில் கறை பிடித்தால் பாலிஷ் போட்டு எடுக்க வழியில்லை. பொட்டை நம்பர் பிளேட்டில் வைத்தோம், எலுமிச்சம்பழம் வழக்கம்போல் சக்கரத்தடியில்.

அடுத்த வேலை, முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள பட்டை. அதை இன்னும் திறந்து பார்க்கவில்லை. ஏப்ரல் முதல் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறோம். கையுறையும் டார்ச்சும் அவரவர் கொண்டுவரவும்.

செயலாளர்