வாஷரைத் திட்டாமல் ஆயிலைத் திட்டிய கதை

வேலூர்,
சத்துவாச்சாரி.

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பைக்குக்கு சிந்தடிக் ஆயில், அதாவது செயற்கையாகத் தயாரிக்கிற இன்ஜின் ஆயில், ஊற்றலாமா என்று கேட்டிருந்தாய். நல்ல ஆளைப் பிடித்தாய் போ! அதை நம்பாமல் அக்னி நட்சத்திரத்தில் வண்டி தள்ளியவன் நான்.

போன மே மாதம், சிந்தடிக் ஊற்றியிருந்த என் பைக்கில் பள்ளிகொண்டாவிலிருந்து திரும்பும்போது இன்ஜினில் கடகடவென்று சத்தம். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தால், நுனியில் ஒரு சொட்டுதான். பக்கத்துக் கடையில் சாதா ஆயில் மட்டும் இருந்தது. 'சிந்தடிக்கோடு சாதாவைக் கலந்தால் பால் மாதிரி திரிஞ்சிடும்' என்று எவனோ சொன்னது மண்டையில் உட்கார்ந்திருந்ததால், வேண்டாம் என்று தள்ள ஆரம்பித்தேன். விரிஞ்சிபுரம் மதிலழகு என்பார்கள். நான் பார்த்தது தார் ரோட்டைத்தான்.

வழியில் ஒரு மெக்கானிக், பெரியவர். கதையைக் கேட்டுச் சிரித்தார். சிந்தடிக் மெல்லிசு, அதான் ஒழுகிவிட்டது என்றேன். பதில் சொல்லாமல் ஆயிலை வடிக்கிற டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒழுகாமல் அடைக்கிற வளையமான வாஷர் ஒரு பக்கம் காகிதமாய்த் தேய்ந்திருந்தது. ஆயில் மாற்றியவர் அதை மாற்றவே இல்லை! 1970களில் வந்த சிந்தடிக் சில, ரப்பர் சீலோடு ஒத்துப்போகாமல் ஒழுகியது நிஜம்தான். அந்தப் பழி இன்னும் தீரவில்லை. சிந்தடிக், சாதா இரண்டு டப்பாவிலும் கெட்டியைச் சொல்லும் கிரேடு எண் 30 என்று முடிந்தால், சூடான இன்ஜினில் இரண்டும் ஏறக்குறைய ஒரே கெட்டிதான்.

புது வாஷர் போட்டு, உள்ளே ஒட்டியிருந்த சிந்தடிக்கின் மேலேயே அதே கிரேடு சாதா ஆயிலை ஊற்றினார். ஒன்றும் திரியவில்லை. கலந்தால் சிந்தடிக்கின் கூடுதல் பலம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சாதாவுக்குத் திரும்பவும் தடையில்லை.

சிந்தடிக் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் என்று உன் மச்சான் சொன்னதும் பாதிதான் சரி. சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்க ஒரு மருந்து சேர்ப்பார்கள். பைக்கில் கிளட்ச் அந்த ஆயிலுக்குள்ளேயே ஊறுவதால் வழுக்கும். சிந்தடிக்கோ சாதாவோ, டப்பாவில் பைக் கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜப்பானியத் தர முத்திரையான 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' இருக்கிறதா என்று பார்.

சிந்தடிக் ஊற்றினால் குளிரில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும் என்பதெல்லாம் நம் ஊருக்கு மார்கழியிலும் தேவைப்படாது. சூட்டில் சீக்கிரம் கெடாது என்பதுதான் நமக்குக் கணக்கு. ஓசூருக்கும் ஆற்காட்டுக்கும் ஓடுகிற நீ சிந்தடிக் ஊற்று. காட்பாடி வரை போய்வரும் எனக்கு, நேரத்துக்கு மாற்றினால் சாதாவே போதும்.

வாஷர் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு அம்மாவைப் பார்க்க வரும்போது ஒன்றை எடுத்துப்போ.

உன்,
ரவி